தங்கைக்குப் பதின்மூன்று

ஜூன் 17, செவ்வாய்

தங்கையின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். துறைமுகத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். வகுப்பில் பின்னலைப் பிடித்து இழுத்தவனைக் கன்னத்தில் அறைந்திருக்கிறாள்.

"இனி இஞ்ச அனுப்பாதேங்கோ தம்பி. பெரிய பிள்ளையாகியும் அடக்கமில்லை" என்றார் பள்ளிக்கூட அதிபர்.

"இழுத்த பொடியன், சேர்?"

"அவன் சின்னப் பொடியன். விளையாட்டுக்குச் செய்தவன்."

இரண்டு பேருக்கும் ஒரே வயது.

அம்மா குவைத்துக்குப் போன வாரம், ஆறு வயதில், இவள் டீச்சரின் கையைக் கடித்தாள். டீச்சர் பல் அடையாளத்தை எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். "சரியான குழப்படிக்காரி" என்று மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்.

போன மாதம் இவள் பெரிய பிள்ளையானதற்குச் சாமத்திய வீடு செய்தோம். அம்மா கைபேசியில் பார்த்து அழுதார். அதிபரும் வந்து வயிறாறச் சாப்பிட்டார். முதன்முதலாக உடுத்த சேலையோடு சேர்த்து இவளுடைய கோபத்தையும் அன்றைக்கே மடித்து வைத்துவிட வேண்டும் என்று அவர் அப்போது சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும், "சேர் என்ன சொன்னவர், அண்ணா?" என்று கேட்டாள்.

"ஒண்டுமில்லை" என்றேன்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போடுவதற்கு வெள்ளைச் சட்டையைத் தோய்த்துக் குசினியில் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் போட்டுவிட்டுத் தூங்குகிறாள். அது இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.