ஜானியின் கயிற்றில் நான்கு விரல் கூடுதல்

எல்லோருக்கும் அண்ணனாகிவிட்ட என் அண்ணாவுக்கு,

நீ போய் ஏழு மாதம். பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நான்கு பேரும் உள்ளே படுத்திருக்கிறார்கள். உன் கயிற்றுப் பொம்மைகள், கட்டை பாய்ஸ்.

நேற்று பசாரில் மீன்காரர் என்னை நிறுத்தினார். "ஒங்கண்ணன் போனது பெரிய வருத்தம்மா" என்றார். பிறகு, ரொம்பத் தயங்கி, "ஜானி நல்லா இருக்கானா?" என்று கேட்டார். நல்லா இருக்கான் என்றேன். நான் எப்படி இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை.

மரத்தின் மீது ஒருத்தி பொறாமைப்படலாமா? படுகிறேன்.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப்போகிறேன். இதைப் படிக்கிறவர்களில் உன்னைப் பார்க்காதவர்களும் இருப்பார்கள். காஜா பெராங் சாலையில் உன் தையல் கடை. பகலில் காற்சட்டை, பிளவுசு. வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை நீ எறிந்ததே இல்லை. ஊரே ராக் அண்ட் ரோல் கேட்கத் தொடங்கியபோது நீயும் கேட்டாய். மற்றவர்கள் முடியை உயர்த்திச் சீவினார்கள். நீ ஒரு பொம்மைக்குச் சீவினாய்.

அவன்தான் பிலாச்சான் ஜானி. பாடகன். தேங்காய் நாரில் தலைமுடி, அதன் மேல் ஷூ பாலிஷ். அவன் மேடைக்கு வந்தாலே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். காய்ந்த பிலாச்சானை, அந்த நாற்றமடிக்கும் இறால் விழுதை, வாயில் வைத்துப் பிறந்தவன் என்று நீ கட்டிவிட்ட கதை.

டெய்சி மாமி. பட்டுப் புடவை, கழுத்தில் கிட்டார். பிஸ்கட் டின் மூடியில் செய்த கிட்டார். அவள் பிளவுசு தலைமையாசிரியர் மனைவியின் துணி. முதல் நாள் ஆட்டத்திலேயே அந்த அம்மா எழுந்து, "அய்யோ, அது என் பிளவுசு! துணி பத்தலைன்னு சொன்னானே, படுபாவி!" என்று கத்தினார். கூட்டம் பாட்டை மறந்தது.

டிரம்ஸ் அடிக்கும் சீன முதலாளி, தவுக்கே. வயிறு முழுக்கப் பஞ்சு.

பிறகு இன்னொரு கிட்டார்க்காரர், கர்னல். சுதந்திரம் வந்த மெர்டேக்கா நாளுக்குச் சில வாரம் முன்பு ஒரு தோட்டத்துத் துரை கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். வாங்க வரவில்லை. கப்பலேறிவிட்டார் என்றார்கள். அந்தக் கோட்டை ஒரு வருஷம் மாட்டிவைத்திருந்தாய். பிறகு கத்திரிக்கோலை எடுத்தாய். கப்பலைத் தவறவிட்ட கர்னல் அப்படித்தான் பிறந்தார். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கடல்பக்கம் திரும்பி, "கப்பல் வந்துருச்சா?" என்பார். "அது போயி ரொம்ப நாளாச்சு தொரை, நீங்க தந்திய மீட்டுங்க" என்பாள் டெய்சி மாமி.

டெய்சிக்குக் குரல் நான். கையும் நான்.

அப்போது திரைக்குப் பின்னால் நாம் மூன்று பேர். நீ ஜானியை ஆட்டிக்கொண்டே பாடுவாய். நான் டெய்சி. நிஜக் கிட்டாரை வாசித்தபடி, கால் கட்டைவிரலில் கட்டிய கயிற்றால் கர்னலையும் தவுக்கேயையும் தலையாட்ட வைப்பவர் நல்லதம்பி.

நல்லதம்பி. தலைமுறைகளாக மலாய் பேசும் தமிழர்கள் வாழும் செட்டி கம்பத்துக்காரர். புக்கிட் ரம்பாய் பஸ்ஸில் கண்டக்டர். பேர் முழுக்கத் தமிழ், வாய் முழுக்க மலாய். பஸ்ஸில் நின்ற இடத்திலிருந்தே கடைசி இருக்கைக்கு டிக்கெட் நீட்டுகிற கை. உன்னை 'அபாங்' என்பார். அண்ணன். என்னை 'அடிக்'. தங்கை. நான் அவரை 'மிஸ்டர் நல்லதம்பி' என்பேன். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் சிரிப்பு.

தங்கை என்ற அந்தச் சொல்லை அவர் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று நினைத்தேன். நீ கொடுத்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

பிறகு நான் சிங்கப்பூருக்குப் படிக்கப் போனேன். விடுதியில் உட்கார்ந்து உனக்குப் பாட்டு எழுதி அனுப்பினேன். புதுக்கவிதை படித்த தலைக்கனம். 'நகரம் ஒரு காலி டின், அதற்குள் என் குரல்' என்று தொடங்கும் ஒன்று. ஒரு வாரம் திருத்தி எழுதியது. விடுமுறைக்கு வந்தபோது கேட்டேன், எப்படி இருந்தது என்று.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாய். "யாரும் கை தட்டல. நல்லதம்பி நடுவுல 'யே யே'ன்னு சேத்தான். அப்பறம் விடவே மாட்டேன்னுட்டாங்க."

யே யே. என் காலி டின்னுக்குள் அவர் குரல்.

டெய்சியை யார் ஆட்டுகிறார்கள் என்று கேட்டேன். யாருமில்லை, ஆணியில் தொங்குகிறாள் என்றாய். மற்ற மூவரும் குதிக்க, அவள் அசையாமல் நிற்பாளாம். "மாமிக்கு இன்னிக்கு மூட் சரியில்ல, யாரும் பேசாதீங்க" என்று ஜானி சொல்வானாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குமாம். நான் இல்லாததையும் ஒரு வேடிக்கையாக்கிக் காட்டினாய். அதற்கும் கைதட்டல்.

அந்த விடுமுறையில்தான் ஜானியின் புதுச் சட்டையைப் பார்த்தேன். சிவப்பு. ஓரத்தில் பொன் நூல். என் பாவாடை.

"கேக்காம வெட்டிட்டியே" என்றேன்.

"நீதான் இப்பல்லாம் கவுன் போடுறியே லா" என்றாய், ஊசியை வாயில் வைத்துக்கொண்டு.

இரண்டு நாள் பேசவில்லை. நினைவிருக்கிறதா? உனக்கு இருந்திருக்காது. ஜானிக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாய்.

அண்ணா, உன் இதயம் சின்ன வயதிலிருந்தே சரியில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சரியில்லை என்பது உனக்கு மட்டும் தெரிந்திருந்தது. நீ மருத்துவமனையில் கிடந்தபோது நான் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று நீ சொன்னாயாம். கட்டில் பக்கத்தில் இருந்தவர் நல்லதம்பி. உன் கடைசிப் பேச்சு அவரோடு. மலாயில்.

என்ன சொன்னாய் என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். அவருக்குத் தெரிந்த தமிழைத் தேடி எடுத்துச் சொன்னார்: "அபாங் கேட்டது… இன்னிக்கி பஸ் கூட்டமா? நான் சொன்னது, கூட்டம் லா. அப்பறம் தூங்கிட்டார்."

அவ்வளவுதானா? அதையாவது என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா?

போன திங்கட்கிழமை மாலை அவர் வீட்டுக்கு வந்தார். கண்டக்டர் உடுப்போடு. வாசலில் செருப்பைக் கழற்றி நேராக வைத்தார். வரும் சனிக்கிழமை திடலில் மெர்டேக்கா நாள் ஆட்டங்கள். கட்டை பாய்ஸ் வேண்டும் என்று கேட்கிறார்களாம். தன் தம்பி மகனைக் கிட்டாருக்கு உட்கார வைத்துவிட்டு, ஜானியைத் தானே எடுக்கலாம் என்று நினைக்கிறாராம்.

"அடிக், ஜானிய கசி லா. ஒரு நாள் சாஜா." கொடு, ஒரே ஒரு நாள் என்கிறார். "கயிறு நான் மாத்திக் கட்டும். என் கை நீளம்."

"தொடக் கூடாது" என்றேன். "அது அண்ணன் கை கட்டின கயிறு. அதை அவிழ்க்க யாருக்கும் உரிமையில்லை. இன்னும் வருஷம்கூட ஆகவில்லை."

அவர் தேநீரை முழுக்கக் குடித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். "என்னாடி வருஷம்? ஒங்கண்ணன் நாள் நட்சத்திரம் பாத்தா ஆடினான்? அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில ராவும் பகலுமா ஒக்காந்திருந்துச்சு. ஒரு மரக்கட்டையக் குடுக்க ஒனக்கு வலிக்குதா?"

வலித்தது. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அந்தக் கயிறு ஒன்றுதான் நீ விட்டுப்போனதில் உன் கை அளவாகவே இருப்பது. சட்டைகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிட்டோம். கடையில் இப்போது வேறொருவர் தைக்கிறார். உன் முழம் அந்தத் தங்கூசி நரம்பில் மட்டும்தான் மிச்சம் என்று நினைத்தேன். மீன் பிடிக்கிற நரம்பு. ஜானியைப் பிடித்திருந்த நரம்பு.

நீ நாடாவால் கயிறு அளந்ததில்லை. ஆட்டுகிறவரை நிற்க வைத்து, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நரம்பை இழுத்து, அதிலிருந்து கணக்குப் பிடிப்பாய். "சட்டை கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம். கயிறு ஆளப் பாத்துத்தான் கட்டணும்" என்பாய். உன் முழமும் என் முழமும் ஒன்று. சுவரில் கையை ஒட்டி வைத்து எத்தனை முறை பார்த்திருப்போம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ஜானியை நானே ஆட்டுவது என்று முடிவு செய்திருந்தேன். உன் கையும் என் கையும் ஒன்றென்றால் அவன் எனக்குத்தானே வர வேண்டும்?

முதலில் டெய்சியை எடுத்தேன். குறுக்குக் கட்டையைப் பிடித்ததும் நிமிர்ந்து நின்றாள். கை மறக்கவில்லை.

பிறகு ஜானி. கட்டையைத் தூக்கினேன். அவன் எழவில்லை. முழங்கால் தரையில் உரசியது. இன்னும் தூக்கினேன். தலை நிமிர்ந்தது, கால் மடங்கியது, குடிகாரனைப்போல் சாய்ந்தான். ஆள்காட்டி விரலுக்கான வளையத்தில் என் விரல் தொளதொளவென்று கிடந்தது.

டெய்சியையும் அவனையும் பக்கத்தில் படுக்கவைத்து அளந்தேன். ஜானியின் கயிறுகள் ஒவ்வொன்றும் நான்கு விரல் கூடுதல்.

முன்பு அப்படி இல்லை. அவனை நான் எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன். நல்லதம்பி வந்து மாற்றியிருக்கவும் முடியாது. முடிச்சுகள் உன்னுடையவை. இரட்டைச் சுற்று, மேலே மெழுகுவர்த்தியால் ஒரு பொட்டு. வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

மருத்துவமனைக்குப் போகுமுன் மூன்று நாள் கடைக்கதவைச் சாத்திக்கொண்டிருந்தாய் என்று அம்மா சொல்லியிருந்தாள். யாருக்கோ அவசரச் சட்டை என்று நினைத்தாளாம்.

நீதான் மாற்றிக் கட்டினாய். மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு கயிறாக. பஸ்ஸின் கடைசி இருக்கைவரை நீளும் அந்தக் கைக்கு.

நான் உன் அளவு என்று காத்து வைத்திருந்தது அவருடைய அளவு.

அவரிடம்கூட நீ சொல்லவில்லை, இல்லையா? சொல்லியிருந்தால் கயிற்றை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டார். ஆக, இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீ இல்லை. எனக்கு மட்டும்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கத்திரிக்கோலை எடுத்தேன். இடது முழங்கால் கயிற்றை வெட்டினேன். நான்கு விரல் குறைத்துக் கட்டிவிட்டால் அவன் என் ஜானி. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? என் தம்பிடி பெறாத பொறாமைக்கு ஒரு நொடி ராஜாங்கம் கிடைத்தது.

கட்ட வரவில்லை. நரம்பு வழுக்கியது. அந்த முடிச்சை நீ எத்தனை முறை எனக்குக் காட்டியிருப்பாய். நான் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல் தலையாட்டியிருக்கிறேன். அவரோ தரையில் சம்மணமிட்டு உன் விரலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஜானி என் கையில் தொங்கினான். ஒரு கால் தூக்கியும் ஒரு கால் செத்தும். சிவப்புச் சட்டை. என் பாவாடையின் பொன் நூல். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். நீ அவனுக்கு வேறு முகம் செய்யவில்லையே.

அப்போதுதான் டெய்சியை மறுபடி பார்த்தேன். அவள் கயிறு மாறவே இல்லை. மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினாயே, அவளையும் மாற்றியிருக்கலாம். நல்லதம்பி வீட்டிலும் அவளை ஆட்டப் பெண்கள் இருக்கிறார்கள். ஏன் விட்டாய்? நேரம் போதவில்லையா? நரம்பு தீர்ந்துவிட்டதா?

நான் தேடுகிற பதில் எதுவென்று எனக்குத் தெரியும். அதனால்தான் அதை எழுதாமல் விடுகிறேன்.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். இதைத் தமிழில் எழுதுகிறேன், பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். ஊரே படிக்கலாம். நல்லதம்பியால் படிக்க முடியாது. வெட்டியதை எல்லோரிடமும் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லாமல் தப்புகிற வழி இது. படித்தவளின் வழி.

தப்ப மாட்டேன், அண்ணா.

நாளைக் காலை முதல் பஸ்ஸுக்கு நிற்பேன். பெட்டி மடியில் இருக்கும். கூட்டம் இருந்தாலும் அவர் கை எட்டும். வெட்டியது நான் என்று மலாயில் சொல்வேன். மற்ற கயிறுகள் யாருக்காகக் கட்டப்பட்டவை என்பதையும் சொல்வேன். பிறகு அவர் கையை நீட்டச் சொல்லி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை நானே அளப்பேன். அந்த ஒரு கயிற்றை நானே கட்டுவேன். முடிச்சை அவர்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

சனிக்கிழமை டெய்சி திடலுக்கு வருவாள். ஜானிக்கு அதிகமாகக் கைதட்டினால் நடுப்பாட்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கர்னல் கப்பலைக் கேட்டால் பதில் சொல்வாள். 'யே யே' மட்டும் பாட மாட்டாள். அவரை அண்ணன் என்று கூப்பிட என்னால் இப்போதும் முடியாது. அதைக் கேட்காதே. அந்தச் சொல் இன்னும் உன் அளவில்தான் இருக்கிறது.

ஜானியின் சட்டைக்குத் துணி கொடுத்த,
உன் தங்கை,
வசந்தா