அச்சில் விட்டுப்போன மகள்

ஜூன் 9, திங்கள்

திருவனந்தபுரத்தில் காலையிலிருந்து மழை. குடை கல்லூரியில், நான் வீட்டில். கரமனையில் ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம்.

எடிட்டர் சார் கூப்பிட்டார். எங்கள் சட்டக் கல்லூரியின் ஆங்கில இதழுக்கு ஐம்பதாவது தொகுதி வருகிறது. அதன் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். பத்துப் பக்கம், இரண்டு வாரம். "டீச்சர் நன்னாயிட்டு எழுதுமல்லோ." நன்றாக எழுதுவேனாம். பாராட்டு இல்லை. வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

செய்ய: பழைய தொகுதிகள் (லைப்ரரி மாடி). கடிதக் கோப்புகள். இன்டர்னல் மார்க் (நாளை கடைசி!). அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து.

ஜூன் 11, புதன்

மாடி ஒழுகுகிறது. ஒரு தொகுதி முழுக்க செங்கல் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. தும்மல்.

இதழின் பெருமை என்று எல்லோரும் சொல்வது ஒரே கட்டுரை. வாடகைக் கடை வைத்திருப்பவர் இறந்தால் கடை யாருக்கு என்பது பற்றி. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்புகள் பலவற்றில் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எங்கள் இதழை வெளியே யாரோ படித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. நானும் வகுப்பில் பீற்றியிருக்கிறேன்.

கோப்பில் ஓர் இன்லண்ட் லெட்டர். தமிழில்! ஓரத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில், 'தமிழ். ஃபைல் செய்யவும்.' அவ்வளவுதான். படித்துச் சொல்ல ஆள் தேடக்கூட இல்லை.

அப்படியே எழுதி வைக்கிறேன்: "சாலை பஜாரில் கயிற்றுக் கடை வைத்திருந்த பேச்சியம்மாள் எழுதுவது. அப்பா போனபின் கடையை நான்தான் நடத்தினேன். உங்கள் புத்தகத்தைக் காட்டி, மகனுக்குத்தான் கடை, மகளுக்கு இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. சட்டத்தை வாங்கி ஒருவரை வாசிக்கச் சொன்னேன். அதில் மகன் அல்லது மகள் என்று இருக்கிறது. உங்கள் புத்தகத்தில் மகளைக் காணோம்."

சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. கட்டுரையில் 'அல்லது மகள்' விட்டுப்போயிருக்கிறது. வரி மடங்கும் இடம். வக்கீல்களும் முன்சிஃப்களும் இதழைப் பார்த்தே எழுதியிருக்கிறார்கள். சட்டத்தை யாரும் திறக்கவில்லை. பிறகு மேல்கோர்ட் சரிசெய்தது, வேறு யாரோ ஒருவர் வழக்கில்.

இத்தனை வருடம் பாடம் நடத்தும் நானும் திறக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

எடிட்டர் சாரிடம் சொன்னேன், திருத்தம் போட வேண்டும் என்று.

"ஜூபிலி லக்கமல்லே டீச்சரே. பழைய காரியம். விட்டுகளயூ." பொன்விழா இதழாம், விட்டுவிட வேண்டுமாம்.

"தப்பு நம்முடையது சார்."

"இப்போ ஆர்க்கு வேண்டி?"

யாருக்காக என்று கேட்கிறார். அதுதான் எரிச்சல். ஸ்டாஃப் ரூமில் முதுகுக்குப் பின்னால்: "ஒரு கத்தினு வேண்டி இத்ர பகளமோ!" ஒரு கடிதத்துக்கா இத்தனை அமளி என்று.

ஜூன் 14, சனி

மழை இல்லை, புழுக்கம். கடிதத்தின் விலாசத்தோடு சாலைக்குப் போனேன். இரும்புக் கடைக்காரர் வழி சொன்னார். "கயித்துக்கட பேச்சியக்காவா? வலியசாலப் பக்கம் போயிட்டாங்க. நீலக் கேட்."

பேச்சியம்மாளுக்கு எழுபது இருக்கும். முன்னறை முழுக்கக் கயிற்றுச் சுருள், துடைப்பம். இன்னும் விற்கிறார். கடிதத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

"இப்பத்தான் படிச்சியளா?"

"ஆமாம்மா. தமிழ்ல இருந்ததால..."

"மலையாளத்துல வேணும்னா எழுதி வாங்கிக் குடுத்திருப்பேனே. யாரும் கேக்கலியே."

ஒற்றைப் பிள்ளையாம். அண்ணன் தம்பி இல்லை. கடை கட்டிடக்காரரிடம் போயிற்று. அப்பீல்? "புஸ்தகத்துலயே போட்டிருக்கு, என்ன செய்யன்னு வக்கீல் கைய விரிச்சிட்டாரு."

மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்களா டீச்சர் அச்சடிச்சிய? கட வேண்டாம். அங்க இப்ப செல்போன் விக்கான். அச்சுல தப்பா வந்தது அச்சுலயே சரியாவணும். அது போதும்."

பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது கோபம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

என் கட்டுரை திரும்பி வந்தது. பிழை பற்றிய பத்தி முழுசும் வெட்டு. 'கீழ்க்கோர்ட்டுகளில் பெரும் செல்வாக்கு' மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன் எடிட்டர் சாரிடம். மிரட்டலாகத்தான் சொன்னேன்.

"ஓகே. எடிட்டோரியல் போர்டு என்னு வைக்காம்." போர்டு பெயரில் போட்டுவிடுவாராம்.

பாத்ரூமில் ஐந்து நிமிடம். முகம் கழுவிக்கொண்டு, அந்த வாடகைக் கடைக் கட்டுரையை எழுதிய பேராசிரியருக்கு ஃபோன். ஓய்வு பெற்று எத்தனையோ காலம். ஆள் பேசுவாரோ என்னவோ என்றிருந்தேன்.

"என்டெ லேகனத்திலோ?" தன் கட்டுரையிலா என்று நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு அரை மணியில் அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. கையெழுத்துப் பிரதியில் மகள் இருந்தாளாம். தான் புரூஃப் பார்க்கவில்லை என்றார். சாக்குச் சொல்லவில்லை. திருத்தம் கேட்டுத் தானே கடிதம் தருவதாகச் சொன்னார்.

மதியம் சாப்பிட மறந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

பேராசிரியரின் கடிதம் வந்தது, கையெழுத்தோடு. எழுதியவரே கேட்டால் மறுக்க முடியுமா? எடிட்டர் சார் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். திருத்தம் வருகிறது: கடைசிப் பக்கம், ஐந்து வரி, பொடி எழுத்து. போகட்டும். என் கட்டுரை போர்டு பெயரிலேயே வருகிறது. அதுவும் போகட்டும்.

மாலை புரூஃப். திருத்தத்தில்: 'மகன் அல்லது மகன்'.

நேரே அச்சகம். அவர்கள் மாற்றும்வரை நாற்காலியில் உட்காரவில்லை.

ஜூன் 23, திங்கள்

சாரல். இறுதிப் புரூஃபை எடுத்துக்கொண்டு பேச்சியம்மாள் வீடு. ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். "வாசகர் ஒருவர் சுட்டிக்காட்டியபடி..."

"வாசகர்னா யாரு?"

"நீங்கதாம்மா."

"அப்ப எம் பேருல்லா வரணும்?"

ஐந்து வரிக்காக இத்தனை நாள் அலைந்த எனக்கு இது தோன்றவில்லை. அங்கிருந்தே எடிட்டர் சாருக்கு ஃபோன்.

"இனி எந்தா டீச்சரே? வேறே பணியில்லே?"

"இல்லை சார்."

நீண்ட மூச்சு. "பேரு பறயூ."

"பேச்சியம்மாள்."

"ப்ரீதியம்மாளோ?"

ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். இரண்டு தடவை. பேச்சியம்மாள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"இனிஷியல் எஸ். அப்பா பேரு சுடலமுத்து. அதையும் போடச் சொல்லுங்க."

சொன்னேன்.