முடிவுக்கு முந்திய சாட்சி

மே 13, செவ்வாய்

கத்திரி வெயில். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ், வெயில் பக்கத்து சீட். ரத்தம் கொடுத்தாயிற்று, இரண்டு குழாய். பெருங்குடல் கட்டியை ஏப்ரலில் வெட்டி எடுத்தார்கள். வீட்டைக் காலி செய்தவன் எதையாவது விட்டுப்போயிருக்கிறானா என்று இப்போது ரத்தத்தில் தேடுகிறார்கள். புற்றின் மரபணுத் துணுக்கு. ஸ்கேனுக்குத் தெரியாததும் இதில் தெரியலாமாம். இருந்தால் கீமோ. இல்லையென்றால் கண்காணிப்பு மட்டும். இல்லையென்று வந்தாலும் முழுசாக நம்ப வேண்டாம் என்றார் டாக்டர். பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். இந்த மாதிரிப் பேச்சு பழக்கம்தான்.

வாங்க: பல்பு, சோப்பு, மனைவி கிரேசுக்கு பிரஷர் மாத்திரை.

மே 21, புதன்

முடிவு வரவில்லை. காற்று தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து, நாற்றத்தோடு. பக்கத்து வீட்டு ஜமீல் பாய் வந்தார். "இன்னா சார், நோவு வயித்துல, ரத்தம் கையிலயா?" டீ கொடுத்தேன்.

மே 25, ஞாயிறு

ஆராதனையில் சாட்சி நேரம். கிரேஸ் எழுந்தாள். என் வீட்டுக்காரர் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை, கர்த்தர் சுகம் கொடுத்துவிட்டார் என்றாள். ஆய்வகம் இன்னும் வாய் திறக்கவில்லை. அவளுக்கு நேரடியாக வந்திருக்கலாம். சபை கை தட்டியது. நானும் தட்டினேன், நோயாளி என்ற முறையில்.

வீட்டுக்கு வரும் வழியில், ரிசல்ட்டே வரவில்லையே என்று கேட்டேன். "ரிசல்ட் வந்தப்புறம் சொல்றதுக்கு விசுவாசம் எதுக்குங்க?" என்றாள். அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தேடினேன். களைப்பு. விட்டுவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

துணுக்கு இருக்கிறது. கொஞ்சம்தானாம். வியாழன் முதல் கீமோ.

கிரேஸ் டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: முடி கொட்டுமா? இந்த மருந்துக்கு அநேகமாகக் கொட்டாது என்றார். பெருமூச்சு விட்டாள். பஸ்ஸில் திட்டம் தயார். "முடி இருந்தா யாருக்கும் தெரியாதுங்க. ஆஸ்பத்திரி போறன்னிக்கு சோளிங்கர்ல தங்கச்சி வீட்டுக்குப் போறோம்னு சொல்லிட்லாம்."

கோபம் வந்திருக்க வேண்டும். தூக்கம் வந்தது.

ஜூன் 8, ஞாயிறு

தூறல். வியாழன் மருந்து ஏறியதிலிருந்து வாயெல்லாம் இரும்பு. குளிர்ந்ததைத் தொட்டால் விரலில் முள். குடித்தால் தொண்டை அடைக்கும், கூடவே கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

ஆராதனை முடிந்து, என் சுகத்துக்காகப் பெண்கள் ஐக்கியத்தின் விருந்து. ரோஸ் மில்க், ஐஸ் போட்டு. டம்ளரைக் கையில் திணித்தார்கள். முள் முழங்கை வரை ஏறியது. சிரித்தபடி பிடித்திருந்தேன்.

"குடிங்க சார். நீங்க குடிச்சாதான் நாங்க குடிப்போம்" என்றார் பாஸ்டர் அம்மா.

வாய் வரை கொண்டுபோனேன். கிரேஸ் எழுந்து வந்து டம்ளரைப் பிடுங்கினாள்.

"அவரு குடிக்கக் கூடாது. கீமோ ஏத்தியிருக்கு. ரத்தத்துல இன்னும் இருக்குது. அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

பாஸ்டர் அம்மா தன் டம்ளரைக் கீழே வைத்தார். பின்வரிசையில் ஒருத்தி அடுப்படிக்குப் போனாள். வெந்நீர் வந்தது, இரண்டு டம்ளர். கிரேஸ் என் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தாள்.