கழற்றி வைத்த பட்டையில் நாடி

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, சுகமாகத்தான் இருக்கிறோம், நீயும் அப்படி இருந்தால் போதும். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. அக்கா வீடு மாறிவிட்டாள், பழைய வீட்டில் மேலே தண்ணீர் ஏறவில்லையாம்.

போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். என் வேலை உனக்குத் தெரியுமே, தொழிற்சாலை மருத்துவ அறையில் ஆட்களை நகராத சைக்கிளில் ஆறு நிமிஷம் மிதிக்க வைத்து நாடி பார்ப்பது. மூச்சு முட்டும்வரை யாரையும் விரட்டமாட்டோம், அதற்கு முன்பே நிறுத்தி, நாடி எவ்வளவு ஏறியது, எப்படி இறங்கியது என்பதை வைத்தே இதயத்தின் தெம்பைக் கணக்குப் போடுவோம். போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டு நேரம், அறையில் நான் மட்டும். நெஞ்சில் கட்டும் பட்டைகள் ஐந்தும் ஆணியில் காய்கின்றன. யாரும் கட்டாமலே, அவற்றின் நாடியைக் காட்டும் திரையில் 72 என்று வந்தது. ஈரத்தில் ஏதோ கோளாறு என்று ஒவ்வொன்றாகத் துடைத்தேன். 90. 104. 118. கோளாறு இப்படிப் படிப்படியாக ஏறாது, பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேனே, யாரோ உடம்பை வருத்துகிறார்கள். நூற்றைம்பதைத் தாண்டியதும் எச்சரிக்கை மணி அடித்தது. காலி சைக்கிளைப் பார்த்து, போதும் நிறுத்துங்க என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். 171. அப்புறம் எண் தாறுமாறாகத் துள்ளி, ஒன்றுமில்லாமல் போனது.

காவலாளியைக் கூப்பிட்டுக் கதவு கதவாகத் தட்டினேன். அட்டைப்பெட்டி அறை உள்ளே தாழிட்டிருந்தது. இடித்துத் திறந்தால், பளு தூக்கும் வண்டி ஓட்டுகிறவர், ஒல்லியாக இருப்பதால் பென்சில் என்று கூப்பிடுவார்கள், தரையில் நீலம் பாய்ந்து கிடக்கிறார். ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்தினேன், பிழைத்துக்கொண்டார். மறுநாள் அவருக்கு என்னிடம் சைக்கிள் சோதனை, தோற்றால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து மரப்படியில் திருட்டுத்தனமாக ஏறி இறங்கிப் பழகியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, எங்க பட்டை மாதிரியே ஒன்றை எங்கே வாங்கிக் கட்டினீங்க என்று கேட்டேன். என்ன பட்டை அக்கா, சட்டை மட்டும்தான் போட்டிருந்தேன் என்றார். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது என்று அவர் கேட்டதற்கு, சத்தம் கேட்டது என்று சொல்லிவைத்தேன்.

திரையை மாற்றச் சொல் என்றார் அப்பா, மாற்றிவிட்டார்கள். புதுத் திரையில் இந்தச் செவ்வாய்க்கிழமை, அதே சாப்பாட்டு நேரம், 84, 110, 139. நானும் காவலாளியும் கழிவறை வரை ஓடித் தேடினோம், எல்லாரும் நன்றாக இருந்தார்கள். 163-ல் நின்று இறங்க ஆரம்பித்தது, மூன்று நிமிஷமாகியும் நூற்றிருபதுக்குக் கீழே வரவில்லை. அப்படி இறங்குகிற ஆளை நான் வேலைக்கு அனுப்பமாட்டேன், டாக்டரிடம்தான் அனுப்புவேன். அன்று சாயங்காலம் நீ போனில், லிஃப்ட் கெட்டுப்போய் ஒன்பது மாடி ஏறினேம்மா என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாய். எத்தனை மணிக்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த வாரமே டாக்டரைப் பார், சாக்குச் சொல்லாதே. அதுவரை ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து ஏறு, யார் சிரித்தாலும் பரவாயில்லை. நீண்ட ஆயுசோடு நன்றாக இரு கண்ணு. சாப்பிடப் போகும்போது திரையை அணைக்கச் சொல்கிறார்கள், நான் அணைப்பதில்லை.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா