கதவைத் திறக்காமல் ஒரு மரியாதை

ஒமாஹா, அமெரிக்கா,
ஞாயிற்றுக்கிழமை

என் மகனின் ஞானத்தந்தை மக்காரியோவுக்கு,

பாசிலியோ அன்போடு எழுதிக்கொண்டது. எழுத்து கோழி கிளறியது போல் இருந்தால் பொறுத்துக்கொள். கோட்டின் மேல் நிற்கச் சொன்னால் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனால் முழுக்க என் கையெழுத்து! இத்தனை வருடம் எனக்காகக் கடிதம் எழுதித் தந்தவன் நீ. இப்போது உனக்கே எழுதுகிறேன். சிரிப்பு சிரிப்பாக வருகிறது.

இங்கே எல்லோரும் சுகம். மருமகள் எல்வீராவுக்கு மட்டும் பல்வலி.

அதிகாரிகள் உன்னைப் பிடித்து ஊருக்குத் திருப்பி அனுப்பிய பிறகு, கோயில் கூடத்தில் ரெமெதியோஸ் அம்மா வகுப்பு தொடங்கினார். எழுத்தும் கொஞ்சம் இங்கிலீஷும் சொல்லித்தருகிறார், குடியேற்ற அதிகாரிகள் வந்தால் என்ன செய்வதென்றும் சொல்லித்தருகிறார். நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு இல்லாவிட்டால் கதவைத் திறக்க வேண்டாமாம். "வாசல்ல நிக்கிறவங்கள உள்ள கூப்பிடலைன்னா, எங்க ஊர்ல கல்யாணத்துக்குக்கூட நம்மள கூப்பிட மாட்டாங்கம்மா" என்றேன். "கதவ மூடிக்கிட்டே மரியாதையா பேசுங்க பெரியவரே, யாரு வேணாம்னது?" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை பீன்ஸ் சூடாக்கிக்கொண்டிருந்தேன். உன் ஞானமகன் ஓவிதியோ இறைச்சி ஆலையில் இரவு வேலை முடித்து வந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். கதவு தட்டப்பட்டது. இரண்டு அதிகாரிகள். ஒருவர் நம் பாஷையிலேயே, "சும்மா ரெண்டு கேள்விதான் பெரியவரே. திறங்க, வெளிய குளிருது" என்றார்.

குளிர் என்றதும் என் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போய்விட்டது, மக்காரியோ. எல்வீரா கண்ணீரோடு, வேண்டாம் என்று தலையாட்டினாள். கையை எடுத்துக்கொண்டேன்.

"மன்னிக்கணும் ஐயா, திறக்க முடியாது. உத்தரவு இருந்தா ஜன்னல்ல காட்டுங்க" என்றேன்.

காகிதத்தைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தார். அதில் ஓவிதியோவின் பெயர். நான் விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தேன்.

"இன்னிக்குள்ள முடிச்சிடுவீங்களா?" என்றார்.

"இப்பத்தான் கத்துக்கிட்டேன் ஐயா. கொஞ்சம் பொறுத்துக்கங்க."

எல்வீரா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். மேலே நீதிமன்றத்தின் பெயர் இல்லை. கீழே கையெழுத்துக்கு அடியில் 'அதிகாரி' என்றுதான் இருந்தது. நான் தப்பாகப் படித்தால் பிள்ளை போய்விடுவானே என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். நீதிபதி எங்கும் இல்லை.

"நீதிபதி கையெழுத்து இல்லீங்களே. திறக்க மாட்டோம். போயிட்டு வாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களைப் போய் 'வாங்க' என்று சொன்னேனே என்று எல்வீரா இன்னும் திட்டுகிறாள்.

ஓவிதியோவை வக்கீலிடம் அழைத்துப்போயிருக்கிறோம். பயம் தீரவில்லை, ஆனால் பிள்ளை வீட்டில் இருக்கிறான். கடவுளுக்கும் ரெமெதியோஸ் அம்மாவுக்கும் நன்றி. உனக்கும் நன்றி. தடுப்புக்காவலிலிருந்து பேசியபோதுகூட, "முதல்ல எழுதப் படிக்கக் கத்துக்கடா கிழவா" என்று நீதானே திட்டினாய்?

நீ யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை என்று உன் மனைவி சொன்னாள். உன்னைப் பிடிக்க வந்தவர்கள் குளிருகிறது என்றதும், அன்று நீ கதவைத் திறந்தாய். காபியும் ஊற்றிக் கொடுத்தாய். அது முட்டாள்தனம் இல்லை, மக்காரியோ. என் கையும் தாழ்ப்பாள் வரை போனது. எனக்குச் சொல்லித்தர ஆள் இருந்தது, உனக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

உன் ஞானமகன் பக்கத்தில் உட்கார்ந்து உன் ஆசீர்வாதம் கேட்கிறான். அவனுக்காவது இரண்டு வரி எழுது. அடுத்த வாரம் நான் மறுபடி எழுதுவேன். நீ பதில் போடும்வரை வாராவாரம் எழுதுவேன்.

உன்
பாசிலியோ