விழுந்த வேலியும் தக்காளி நாற்றும்

என் செல்லக்குட்டிக்கு,

முழங்கால் வலி ஒன்றைத் தவிர அம்மாவுக்கு இங்கே குறையில்லை. அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "அப்புறம்மா?" என்று கேட்டதும் எனக்கு வாயடைத்துப் போய்விடுகிறது.

குளிர் விட்டுக்கொண்டிருக்கிறது. தையல் மெஷினை மத்தியானத்தோடு மூடிவிட்டுத் தோட்டத்தில் இறங்கிவிடுகிறேன். பாத்தியைக் கொத்தி, போன வருஷம் குவித்து வைத்த இலை உரத்தைக் கலந்தாயிற்று. மண் கையில் பொலபொலவென்று உதிர்கிறது. ஓரத்தில் கொத்தமல்லியும் வெந்தயமும் விதைத்திருக்கிறேன். புதினா மட்டும் தொட்டியில்தான்; தரையில் விட்டால் வாசல்வரை வந்து கதவைத் தட்டும்.

உரம் சுமக்க உதவி செய்தது பக்கத்து வீட்டுக்காரர். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றாரே, அவர்தான். தள்ளுவண்டியை நான் தள்ளினால் பின்னால் நின்று, "வரட்டும், வரட்டும், கொஞ்சம் லெஃப்ட்ல ஒடிங்க" என்கிறார். சிரித்த சிரிப்பில் ஒரு வண்டி உரத்தை வழியிலேயே கவிழ்த்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் அடித்த புயலில், இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மரவேலி விழுந்துவிட்டது. உன் அப்பா தன் கையால் அடித்த வேலி. அவர் போன பிறகு வருஷா வருஷம் நான்தான் அதற்குப் பெயின்ட் அடித்தேன். அது தரையில் கிடந்ததைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். பலகைகளை எடுத்து, ஆணி பிடுங்கி, நனையாமல் தன் ஷெட்டில் அடுக்கி வைத்தார். உளுக்காத பலகைகளில் நாற்றுப் பெட்டி செய்துகொண்டோம். தக்காளி நாற்றெல்லாம் உன் அப்பா பலகையில்தான் முளைத்திருக்கிறது. உனக்குக் கோபம் வருமோ என்று நாலு தடவை யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

நாற்றுகளை வெளிக்காற்றுக்குப் பழக்க, அவரவர் பெட்டியைத் தோட்டத்தில் வைத்திருந்தோம். போன வாரம் திடீரென்று உறைபனி. விடிந்ததும் விடியாததுமாக ஓடினேன். அதற்குள் என் பெட்டிகள் மேல் அவருடைய கம்பளி, போர்வை, கடைசியாக அவருடைய கோட்டும். அவர் நாற்றெல்லாம் கருகிக் கிடந்தன. "உங்களோடத ஏன் மூடலை?" என்று கத்தினேன். "போர்வை பத்தலைங்க" என்றார், பல் தந்தியடிக்க. உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தேன். அப்பாவின் நாற்காலியில் அவர் உட்காரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"வேலியத் திரும்பப் போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார். "என் பொண்ணுகிட்ட கேக்காம எதுவும் சொல்ல மாட்டேன்" என்றேன். "கேளுங்க, அவசரமில்லை" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. என் நாற்றில் பாதியை அவர் பக்கம் நட்டுவிட்டோம். வேலி இருந்த இடத்தில் இப்போது நல்ல வெயில் விழுகிறது. அங்கே பீன்ஸ் போடலாம் என்று எனக்கு ஆசை.

நீ லீவில் வந்தால் தன்னை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவாய் என்று அவருக்கு ஒரே கவலை. "அங்கிள்னு கூப்பிட்டாலே போதும்" என்கிறார். "அது அவ இஷ்டம்" என்று சொல்லிவிட்டேன். எப்படி வேண்டுமானாலும் கூப்பிடு, கண்ணு. கோபம் வந்தால் இரண்டு நாள் என்னோடு பேசாமல்கூட இரு. அதற்கு மேல் என்னால் தாங்க முடியாது.

நீ நன்றாக இருக்க வேண்டும். அம்மாவும் நன்றாக இருக்கட்டும் என்று நீ நினைக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா