உச்சி மட்டும் தப்பிய தலைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். தொலைபேசியில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே நிற்கிறார், அதனால்தான் கடிதம்.

கொழுப்புக்குப் போட்ட மாத்திரையால் அப்பாவுக்குக் கெண்டைக்கால் வலி என்று சொன்னேன் அல்லவா? சலூனில் முக்காலி போட்டு, உட்கார்ந்தே முடி வெட்டினார். உட்கார்ந்தால் உச்சி தெரியாது. ஆகவே நம் தெரு ஆண்களுக்கெல்லாம் பிடரி பளிச்சென்றும் உச்சி புதராகவும் இருந்தது. தபால்காரர் தொப்பியைக் கழற்றுவதையே விட்டுவிட்டார்.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். இரண்டே வாரத்தில் அப்பா எழுந்து நின்றார், உச்சிகளும் ஒழுங்காயின. "மாத்திரைன்னா இதுதான்யா. உள்ள போனதே தெரியல" என்று வருபவர்களிடமெல்லாம் புகழ்ந்தார். அதைக் கேட்டுத் தையல்கார மாமாவும் தன் டாக்டரிடம் அதையே எழுதி வாங்கிக்கொண்டார்.

சென்ற ஞாயிறு சலூனில் சீப்புகளைக் கழுவப் போனேன். பவுடர் டப்பாவுக்குப் பின்னால் அந்தப் புது மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

அப்பா என்னைக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார். "இதுவும் காலைப் புடிச்சிட்டா என்ன பண்றது பாப்பா? நின்னாத்தான் நமக்குத் தொழில். அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். தலையாட்டினேன். பெரியப்பாவும் இப்படித்தான் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார் என்றேன். அப்பா சுவரில் மாலை போட்டிருக்கும் பெரியப்பா படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார்.

அப்பா, நீங்கள் புகழ்ந்த மாத்திரையைத் தையல்கார மாமா ஒழுங்காகப் போட்டுக்கொண்டு நாள் முழுதும் மெஷின் மிதிக்கிறாரே என்றும் கேட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் இழுத்துப்போனேன். "போடாத மாத்திரைக்கா ஊரெல்லாம் இவ்வளவு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தீங்க?" என்று சிரித்தவர், பிறகு சிரிக்காமல் திட்டினார். இன்றே தொடங்குங்கள், வலித்தால் உடனே வாருங்கள், வேறு வழி இருக்கிறது என்றார்.

வலித்தாலும் அப்பா சொல்லமாட்டார். ஆனால் உச்சிகள் சொல்லிவிடும். பள்ளிக்குப் போகும் வழியில் புதிதாக வெட்டிய தலைகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். இன்றோடு ஆறு நாள், பதினெட்டுத் தலைகள். எல்லாம் சமமாக இருக்கின்றன.

அங்கே முதியோர் இல்லத்தில் முப்பது பேருக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுக்கிறீர்கள். ஞாயிறன்று பேசும்போது முப்பத்தொன்றாவது ஆளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். திட்டவேண்டாம் அம்மா. நீங்கள் வரும் நாளில் அவர் வாசலில் நின்றுகொண்டிருக்க வேண்டும்; எனக்கு அவ்வளவுதான்.

தலையாட்டிவிட்டுச் சொல்லிவிட்ட,
உங்கள் மகள்